வீணை உறைக்குள் போன உன் குழாய்

என் வாயாடி அக்காவுக்கு,

நீ சாப்பாட்டு மேசையில் விட்டுப்போன குழாய் வேலை செய்கிறது! அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. குழாயை யாரும் தொடவுமில்லை. பள்ளி விஞ்ஞானக் கண்காட்சியில் உன் இடத்தில் ஒரு சார்ட் ஒட்டிவிடலாம் என்று பிரின்சிபல் சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா செய்த சாமான் கட்டாயம் வரும், மிஸ்" என்றேன். சங்கீத ரீச்சரான எனக்கு ஏன் இந்த வேலை என்கிறாயா?

நடுவில் ஒடுங்கிய குழாய், அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் மூன்று கண்ணாடிக் குழல்கள். ஒடுங்கிய இடத்தில் தண்ணீர் வேகமாக ஓடும், அழுத்தம் குறையும், நடுக்குழலில் மட்டம் இறங்கும். சக்தி அழியாது, உருமாறும். சோறு போடும்போதெல்லாம் நீ சொன்னதுதானே! ஆனால் எங்கள் வெள்ளவத்தை மாடியில் பைப் தண்ணீர் விக்கி விக்கி வந்தது. மூன்று மட்டமும் குரங்குபோல் துள்ளின.

அப்படியே கொட்டாஞ்சேனைப் பள்ளிக்குத் திரீவீலரில் கொண்டுபோனேன். சோதனைச் சாவடியில் கேள்வி வரக்கூடாதென்று என் வீணை உறைக்குள் வைத்தேன். என்ன மூளை எனக்கு! ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டான்: "வீணையா மிஸ்? கொஞ்சம் வாசியுங்கோ."

உறையைத் திறந்ததும் அவன் முகம் மாறியது. குண்டென்று நினைத்துவிட்டான். "தண்ணி தாங்கோ, காட்டுறன்" என்றேன், என் ஓட்டைச் சிங்களத்தில். மண்மூட்டைகளின் மேல் அவர்களுடைய தண்ணீர்ப் பீப்பாய் இருந்தது. அதன் பைப்பில் ரப்பர் குழாயை மாட்டித் திறந்தேன். உயரத்திலிருந்து தண்ணீர் சீராக ஓடியது. நடுக்குழலில் மட்டம் இறங்கி அப்படியே நின்றது, அக்கா! நடுவீதியில் அழுதுவிட்டேன். பயந்துபோன ஆமிக்காரன் "ஹரி மிஸ், ஹரி" என்று, சரி சரியென்று அவசரமாக அனுப்பிவைத்தான்.

கண்காட்சியில் அலுமாரிக்கு மேல் ஒரு பீப்பாயை ஏற்றினோம். சரியான கூட்டம். உன் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான் விளக்கம் சொன்னாள். யாரோ கேட்டார்கள்: "கடைசிக் குழலில முதல் குழல் அளவுக்குத் தண்ணி ஏறேல்லையே, மிச்சம் எங்கை போனது?"

"உராய்ஞ்சு சூடாய்ப் போச்சுது. தொலையேல்லை, இஞ்சைதான் இருக்கு" என்றாள் அவள்.

குழாயைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு சூடும் தெரியவில்லை. ஆனாலும் நம்பினேன்.

ஒவ்வொரு கண்காட்சிக்கும் இதைத் தூக்கிக்கொண்டு போவேன், சத்தியமாய். உறை இனி உனக்குத்தான். என் வீணை உன் பச்சைச் சேலையைப் போர்த்திக்கொண்டிருக்கிறது.

உன் ஸ்ருதி பிசகாத தங்கச்சி