பல்லவியில் ஒரு கீழ்க்குரல்

பிப்ரவரி 9, 1971
விட்பி நகரமே திரண்டது என்று எழுத ஆசை. மதுக்கடை மாடியில் முப்பத்தொரு பேர். அதில் ஒன்று கடைக்காரர் நாய் டஃபி. என் தங்கை மகள் ரொவீனாவும் அவள் கூட்டாளி கிளைவும் ஒரே கிதாரை வைத்துக்கொண்டு பாடினார்கள். எங்கள் செவ்வாய்க்கிழமைப் பாட்டு மன்றத்தில் மைக் கிடையாது. பல்லவி வந்தால் கூடமே சேர்ந்து பாடும். என் கீழ்க்குரல் எழுந்ததும் துறைமுகத்துக் கப்பல்கள் நங்கூரத்தை இறுக்கிக்கொண்டன.

பிப்ரவரி 23
மன்றத் தலைவன், அறிவிப்பாளன், நாற்காலி அடுக்குபவன் எல்லாம் நானே. 'இவர்கள் பாடினால் அலை நின்று கேட்கும்' என்று லண்டன் இசைத்தட்டுக் கம்பெனிக்கு எழுதியவனும் நானே. அடக்கமாகத்தான் எழுதினேன். ஆள் வருகிறார், ஒலிப்பதிவுக் கருவியோடு!

மார்ச் 15
ரொவீனா தேநீருக்கு வந்தாள். வறுத்த மீனைத் தொடவில்லை. நாளை ஒலிப்பதிவு. கடைசிப் பாட்டு அவர்களே எழுதியது. கம்பெனிக்காரருக்கு வேண்டியது அதுதான். இரண்டு குரல் மட்டும்.
"மாமா, அந்த ஒரு பாட்டுக்கு வாயத் தொறக்காதீங்க."
"கப்பல் கயித்தால கட்டிக்கறேன், போ."
அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 16
பாடிவிட்டேன்.

மார்ச் 17
எப்படி? கூடம் சொன்னபடி மௌனமாக இருந்தது. பல்லவிக்கு முன் இருவரும் ஒரு மூச்சு இழுத்தார்கள். அந்த மூச்சைக் கேட்டால் இருபது வருஷமாக என் வாய் தானாகத் திறக்கும் — திறந்தது. நான் ஒருவன் மட்டும். கிளைவின் விரல் தடுமாறியது. டேப்பும் தீர்ந்தது. கம்பெனிக்காரர் ரயிலுக்கு நேரமாயிற்று என்று கோட்டை மாட்டினார்.
படியில் ரொவீனா சொன்னாள்: "நீங்க எங்க பாட்டக் கேட்டதே இல்ல மாமா. கூடப் பாடினீங்க, அவ்வளவுதான்."

ஏப்ரல் 6
நாற்காலி அடுக்கினேன். அவர்கள் வரவில்லை. இனி லீட்ஸ் நகரத்தில்தான் பாடுவார்களாம்.

நவம்பர் 13
தபாலில் இசைத்தட்டு. வேறு கம்பெனி, சிறியது. கடிதம் இல்லை. அட்டையில் நன்றிப் பட்டியல், டஃபிக்குக்கூட நன்றி. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி தேடினேன். நான் இல்லை.
கடைசிப் பாட்டு. அதே மூச்சு. இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.
பல்லவியின் இரண்டாம் அடியில் ரொவீனாவின் குரல் லேசாக உடைகிறது. கிளைவ் அதைக் கீழேயிருந்து தாங்கிக்கொள்கிறான். எத்தனை செவ்வாய்க்கிழமை இது என் இரைச்சலுக்கு அடியில் கிடந்ததோ.
ஊசியை எடுத்து மறுபடி அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வைத்தேன்.