மஞ்சளாய்ப் போன ஏழு குடுவைகள்

மே 12, திங்கள்
காலை எட்டுக்கே வெயில். தங்கச்சிமடத்தில் பஸ் ஏறி ராமநாதபுரம் லேப். ஏ.சி. இன்னும் ரிப்பேர்.

ஏழு குடுவையும் மஞ்சள். தனுஷ்கோடி உப்புநீர்த் தேக்கத்தில் நான் எடுத்து வளர்த்த நீலப்பச்சை பாக்டீரியா. அதற்குச் சாப்பாடான நைட்ரேட் கொடுக்காமல் இருபத்தெட்டு நாள்.

கைடு சார் எட்டிப் பார்த்தார். "செத்துப் போச்சும்மா. ஊத்திட்டு வேற தலைப்பு பாரு."

"சாகல சார். பட்டினி தெரிஞ்சதும் தன் நிறத்தத் தானே உடைச்சுத் தின்னுட்டு அடங்கிக் கிடக்கு."

"இத்தனை நாளா? இந்தச் சூட்டுலயா? வெள்ளிக்கிழமை ரேக்கைக் காலி பண்ணு."

ஊற்ற மாட்டேன்.

மே 13, செவ்வாய்
மைக்ரோஸ்கோப். செல்கள் வெளிறி, உருண்டையாக. ஒன்றுகூட உடையவில்லை. சாரிடம் சொன்னேன். சிரித்தார். கோபத்தில் மதியம் சாப்பிடவில்லை. (முட்டாள்தனம்.)

வீட்டில் அம்மா: "ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாராக. பாசியப் பாத்தது போதும்."

"வரட்டும். நான் லேபுக்குப் போறேன்."

மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், அய்யாவும் வீட்டில்தான். வலையைப் பின்னிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

மே 14, புதன்
காலை 10.30. நாலு குடுவையில் நைட்ரேட். மூன்றில் இல்லை. லேபிள் ஒட்டியாயிற்று.
வாங்க: பஞ்சு, மார்க்கர், ஷாம்பு.

மே 15, வியாழன்
ஏழும் மஞ்சளே. முதல் நாள் வெளியே ஒன்றும் தெரியாதுதான். சேர்த்து வைத்த மாவுச்சத்தை எரித்து உள்ளே பழுது பார்க்கும், பிறகுதான் பச்சை. தெரிந்தும் நாலு முறை போய்ப் பார்த்தேன். பயம். யாரிடமும் காட்டவில்லை.

வீட்டில் அய்யா: "அவுகள வரவேணாம்னு சொல்லிட்டேன். அம்மா கத்துவா, கண்டுக்காத."

அம்மா கத்தினாள்.

மே 16, வெள்ளி
மேகமூட்டம். காற்று. பஸ் லேட். லேப் வாசலிலேயே உதவியாளர் செல்வி அக்கா: "ஆத்தாடி! ஓடி வா, வந்து பாரு!"

நாலும் பச்சை. இளம்பச்சைதான், ஆனால் பச்சை. மற்ற மூன்றும் மஞ்சள். அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

பதினொன்றுக்கு சார், காலி அட்டைப்பெட்டியோடு. ஒரு குடுவையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம்.

"வேற ஏதாவது பாசி கலந்திருக்கும்."

"அப்படின்னா இந்த மூணுக்கும் நீங்களே நைட்ரேட் போடுங்க சார். ஞாயித்துக்கிழமை வந்து பாப்போம்."

பைபெட்டை நீட்டினேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாங்கினார்.