பின்ஜன்னல் ஏணி

வைஜயந்திக்கு,

போனை நீ எடுக்கவில்லை. ஃபயர் ஸ்டேஷனில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உப்பிலி மாமா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து உன்னிடம் எல்லாம் சொல்லியிருப்பார். அவர் சொன்னது உண்மைதான். ராஜபாளையத்தில் அவருடைய பேண்டேஜ் துணிக் கிட்டங்கி எரிந்தபோது, எங்கள் வண்டியில் இருந்த நீளமான ஒரே ஏணியை மாடியின் பின்ஜன்னலில் சாத்திப் பிடித்திருந்தேன்.

"மாப்ளே, ஏணிய முன்பக்கம் கொண்டாங்க. சரக்கையாவது எறக்கிருவோம்" என்றார்.

"ஏலாது மாமா. உள்ள மாடியில ஹமீது அண்ணனும் லக்ஷ்மணும் தீய அணைச்சிட்டிருக்காக" என்றேன்.

"அவிய படி வழியா வந்திருவாக. எனக்கு அம்புட்டும் போகுதே."

நம் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர், என் கையைப் பிடித்து இழுத்தார். நான் ஏணியை விடவில்லை. சற்று நேரத்தில் படிக்கட்டு முழுக்கத் தீ. இருவரும் அந்த ஜன்னல் வழியாகத்தான் இறங்கினார்கள். லக்ஷ்மணுக்குக் காதோரம் லேசாகச் சுட்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை. தரைக்கு வந்த பிறகும் ஹமீது அண்ணன் வெகுநேரம் ஏணியிலிருந்து கையை எடுக்கவில்லை.

மாமாவின் சரக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இன்று காலை அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவைத் தட்டக் கை வராமல் திரும்பிவிட்டேன். நஷ்டத்துக்கு வருத்தம் சொல்வேன். ஏணிக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீ பக்கத்தில் நின்றால் தட்டிவிடுவேன். வருவாயா?

உன் வீட்டுக்காரன்