மெதுவாகத் திறந்த கதவு

சுங்குவார்சத்திரம்
12.6.2005

சிங்கப்பூர் சிங்கமே, விமல் அண்ணா,

நான் நலம், அம்மா முக்கால் நலம். அப்பாவைப் பற்றி என்ன எழுத? மூர்த்தி சிறிது, அடி பெரிது.

ஹெலிகாப்டர் பொம்மையின் வால் ஆடாமல் பிடிக்க நீ அனுப்பிய கைரோ, இப்போது வாசற்கதவில் ஒட்டிக்கிடக்கிறது. கதவு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அது சொல்லும். பாலிடெக்னிக் லேபில் சுட்ட மைக்ரோகன்ட்ரோலர் கேட்டுக்கொள்ளும். மெதுவாகத் திறந்தால் நானோ அம்மாவோ. உதைத்துத் திறந்தால் அப்பா. உடனே சர்வோ மோட்டார் சமையலறைத் தாழ்ப்பாளைத் தள்ளிவிடும்.

நேற்று ஷிஃப்ட் முடிந்து, குடித்துவிட்டு வந்து வாசற்கதவை உதைத்தார். சடக்கென்று தாழ் விழுந்தது. "தொறடி. இன்னிக்கு உன் பல்ல ஒடைக்காம வுடமாட்டேன்" என்று கை கிழியும்வரை குத்தினார். சமையலறைக் கதவெல்லாம் ரத்தம். உள்ளே எனக்குச் சிரிப்பு. அம்மா ஒரு கையால் என் வாயைப் பொத்தி, மறு கையால் ரசம் தாளித்தாள்.

உன் வாலு,
வேல்விழி

சிங்கப்பூர்
3.7.2005

அன்புள்ள வாலு,

மூளைக்காரிதான் நீ. ஆனால் அப்பாவிடம் விளையாடாதே. ஃபோனில் பேசினேன். கை வீங்கி, ஃபேக்டரி லைனில் நிற்கவே முடியவில்லையாம். "பெத்த பொண்ணே என்ன வெளிய வெச்சுப் பூட்டுதுடா" என்று அழுதார். மனசு கேட்கவில்லை. "மெதுவா தொறந்தா அந்தப் பூட்டு கம்முனு இருக்கும்பா" என்று எடுத்துச் சொன்னேன். இனி மெதுவாகவே திறப்பதாகச் சத்தியம் செய்தார். திருந்த அவருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

அன்புடன்,
விமல்ராஜ்

24.7.2005

அண்ணா,

சத்தியத்தைக் காப்பாற்றினார். திங்கள்கிழமை குடிக்காமல் வந்தார். பூனை மாதிரித் திறந்தார். கைரோவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவளைச் சுவரோடு சாய்த்து முழங்கையை மடக்கி ஒடித்தார். பச்சைக் கரும்பு ஒடிகிற சத்தம். பிறகு என்னைப் பார்த்து, "இப்ப பூட்டு, பாக்கலாம்" என்றார்.

தோசைக்கல்லால் அவர் காதோரம் அடித்தேன். விழுந்தார். விழுந்தபிறகும் அடித்தேன். அதற்கு மோட்டார் தேவைப்படவில்லை. மூச்சு இருந்தது, பார்த்துவிட்டுத்தான் ஷேர் ஆட்டோ ஏறினோம்.

அம்மாவோடு வேலை செய்யும் ரத்னா அக்காவின் அறையில் இப்போது இருக்கிறோம். எந்த ஊர் என்று எழுதமாட்டேன். அவர் அழுவார், நீ எடுத்துச் சொல்வாய்.

நீ சொல்லிக்கொடுத்தது அம்மாவுக்குத் தெரியாது. "விமலு சாப்புடுறானான்னு கேட்டு எழுது" என்கிறாள். கேட்டுவிட்டேன். பதில் போடாதே. பழைய வீட்டுக்குத்தான் போகும், அவர்தான் பிரிப்பார்.

வேல்விழி