இரண்டு ஊர் நிழற்குடை

லிட்டில் மார்டன்
7 மார்ச் 1983

மதிப்பிற்குரிய கிரேட் மார்டன் ஊராட்சி எழுத்தர் அவர்களுக்கு,

நம் இரு ஊர் எல்லைக்கல் மேல் நிற்கும் பஸ் நிழற்குடை ஒழுகுகிறது. அது உங்கள் ஊருடையது என்று எங்கள் மன்றம் தீர்மானித்துள்ளது. பழுது பார்த்துத் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பிரையனி டக்
ஊராட்சி எழுத்தர்


கிரேட் மார்டன்
15 மார்ச்

மதிப்பிற்குரிய மிஸ் டக்,

உங்கள் கடிதத்தை மன்றத்தில் வாசித்தேன். சிரித்தார்கள். போன வருடம் அழகான நிழற்குடை என்று கேடயம் கிடைத்தபோது உங்கள் தலைவர் மேஜர் ஸ்ட்ரூட்தான் வாங்கிக்கொண்டு போனார். கேடயம் போன ஊருக்கே ஒழுகலும் சொந்தம் என்கிறார் எங்கள் தலைவி திருமதி பாட்டர்டன். யாரும் ஏற்காவிட்டால் ஜூனில் மாவட்ட மன்றத்தார் இடித்துவிடுவார்கள்.

மன்றத்துக்குத் தெரியாமல் ஒன்று: நானும் அங்கே நனைந்திருக்கிறேன்.

ஓவன் பெல்
எழுத்தர்


லிட்டில் மார்டன்
20 ஏப்ரல்

அன்புள்ள மிஸ்டர் பெல்,

இதுவும் மன்றத்துக்குத் தெரிய வேண்டாம். என் அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். விடியற்காலை பஸ்ஸுக்கு அங்கேதான் நிற்கிறாள்; ஈரக் கோட்டோடுதான் வேலையைத் தொடங்குகிறாள். இடித்துவிட்டால் ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை.

நேற்றுக் கூட்டத்தில் இதைச் சொல்ல எழுந்தேன். “என்னம்மா, டீ ஆறிப்போச்சா?” என்றார் மேஜர். ஆமாம் என்று உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் அம்மா, “பட்டம் வாங்கப் போன காலேஜுலயே வாயை விட்டுட்டு வந்துட்டியாடி?” என்கிறாள்.

மே மாதம் விண்ணேற்றத் திருநாளில் இரு ஊராரும் கோல்களோடு எல்லைக்கற்களைத் தட்டிக்கொண்டு சுற்றி வருவோம். வழக்கம்போல் காலையில் நாங்கள், மாலையில் நீங்கள். எனவே சந்திக்க வாய்ப்பில்லை.

பிரையனி டக்


கிரேட் மார்டன்
14 மே

அன்புள்ள மிஸ் டக்,

சந்தித்துவிட்டோம். மழைக்குப் பயந்து இரு ஊரும் சொல்லிக்கொள்ளாமல் நண்பகலுக்கு மாற்றும் என்று யார் கண்டது! கொட்டிய மழையில் அத்தனை பேரும் கோலும் நாயுமாய் அந்த நிழற்குடைக்குள் அடைந்து நின்றதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

“இது உங்களுதுன்னே வச்சுக்கலாம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாரே மேஜர். “எங்களுதா? அப்ப ஏன் மேஜர் எங்க வீட்டுக்குள்ள குடையும் இல்லாம நிக்கிறீங்க?” என்றாரே எங்கள் தலைவி.

அப்போது மூலையிலிருந்து ஒரு சின்னக் குரல்: “இது எங்களுது இல்லைன்னு யார் சொல்றாங்களோ, அவங்க வெளியே போய் நிக்கலாமே.”

ஒருவரும் வெளியே போகவில்லை. கூரை மேஜரின் தொப்பியில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம், “சரி, கல்லுக்கு அந்தப் பக்கத்துக் கூரை உங்களுது, இந்தப் பக்கம் எங்களுது” என்று அவரே கையை நீட்டினார்.

அந்தக் குரல் உங்களுடையது என்று எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மாள்தான் சொன்னார். “எம் பொண்ணுதான்” என்று மூன்று முறை சொன்னார்.

ஓவன்


லிட்டில் மார்டன்
9 ஜூன்

அன்புள்ள ஓவன்,

எங்கள் பாதிக்குத் தகரம், உங்கள் பாதிக்கு ஓடு. அம்மா உங்கள் பக்கம்தான் நிற்கிறாள். தகரத்தின் கீழே மழைச்சத்தத்தில் பஸ் வருவது கேட்பதில்லையாம். “வெளியூர் போய்தாண்டி பஸ் ஏறுறேன்” என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஒரே ஒரு குறை. தகரமும் ஓடும் சேரும் இடத்தில் ஒரு விரல் இடைவெளி. அது யாருடையது என்று நேற்று எங்கள் மன்றத்தில் இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஜூலைக்குத் தள்ளிவைத்தாயிற்று. நான் குறிப்பெடுக்கவில்லை, அதை மூட ஈயத்தகடு எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை ஏணி கொண்டுவர முடியுமா? அம்மா பிடித்துக்கொள்வதாகச் சொல்கிறாள். பார்க்காத மாதிரி திரும்பி நிற்பதாகவும் சொல்கிறாள்.

பிரையனி