சோபாவில் உன் இடம்

அக்காவுக்கு,

நீ அப்பாவோடு சண்டை போட்டு க்ளீவ்லாந்தை விட்டுப் போனதிலிருந்து நம் பேஸ்பால் அணி தோற்கவே இல்லை. இன்னும் ஒரு வெற்றி, இறுதிச் சுற்றுக்குப் போய்விடும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்பாவின் சட்டம் தெரியுமே: ஜெயிக்கும்வரை எதையும் மாற்றக் கூடாது. அவர் தொப்பியைத் துவைக்கவில்லை. சோபாவில் உன் இடத்தில் யாரும் உட்காருவதில்லை. இன்ஜினியர் நான், இதெல்லாம் சுத்த அபத்தம். ஆனாலும் உட்காரவில்லை.

நேற்று மழையால் ஆட்டம் நின்றதும் அப்பா டிவியில் அந்தப் பழைய நகைச்சுவைத் தொடரைப் போட்டார். நீ முந்திக்கொண்டு சொல்லும் வசனம் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவளை வரச் சொல்லுடா."

"ஜெயிச்சிட்டிருக்கோம்ப்பா. உங்க சட்டம்?"

"தோத்தாத் தோத்துட்டுப் போறோம்."

காலையில் பார்த்தால், தொப்பியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். கிளம்பி வா.

உன் தம்பி