மிதிக்காத பனி

ஆஸ்லோ, மருத்துவமனை
11 ஜனவரி 1953

அன்புத் தம்பி எய்லிஃப்,

நலம். இடுப்புக்குக் கீழே மட்டும் இன்னும் உணர்வு வரவில்லை. "வசந்தம் வரைக்கும் பொறுங்க" என்கிறார் டாக்டர். பனிச்சறுக்குத் தாவலில் விழுந்து ஐந்து வாரம் ஓடிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கிதான் தெரிகிறது. நகரத்துப் பனி இரண்டு நாளில் கறுத்துப்போகிறது, பார்க்கவே பிடிக்கவில்லை.

நம் மலையில் ஞாயிறுதோறும் நடக்கும் போட்டியைப் பற்றி எனக்கு எழுது. "நல்லா இருந்துச்சு" என்று ஒற்றை வரியில் முடிக்காதே. பனி எப்படி, காற்று எந்தப் பக்கம், நீ எத்தனை மீட்டர் தாவினாய், எல்லாம் வேண்டும்.

அம்மா அழுதால் பக்கத்தில் இரு.

அண்ணன் தோர்கிரிம்


ஹௌக்லி
19 ஜனவரி 1953

அன்புள்ள அண்ணா,

நேற்று நல்ல வெயில். பனி மாவு மாதிரி இருந்தது. குழந்தைகள் சறுக்குவண்டியில் ஒருவர்மேல் ஒருவராக உருண்டுகொண்டிருந்தார்கள். காலில் சறுக்குக் கட்டைகளோடு தாவு மேடையின் உச்சியில் நின்றேன், பள்ளத்தாக்கே காலடியில் கிடந்தது. விட்டேன். விளிம்பைத் தாண்டியதும் காதில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. முப்பத்தொன்பது மீட்டர்!

கீழே வாஃபிள் அப்பம் சுடும் குன்ஹில்ட் அத்தை கரண்டியோடு ஓடிவந்தாள். "அடேய், ரொம்ப ஆடாதே! உங்கண்ணனா இருந்தா இன்னும் ரெண்டு மீட்டர் போட்டிருப்பான்!"

அம்மா உனக்குக் கம்பளிக் காலுறை பின்னுகிறாள்.

உன் தம்பி எய்லிஃப்


ஆஸ்லோ
10 பிப்ரவரி 1953

எய்லிஃப்,

பக்கத்துப் படுக்கையில் இருக்கும் மரவெட்டி நம் ஊர்ப் பக்கத்துக்காரர். அவருக்கு நம் வட்டாரப் பத்திரிகை வருகிறது. "என்னப்பா, உன் தம்பி பேரையே காணோம்?" என்று நீட்டினார். மூன்று ஞாயிற்றுப் போட்டி முடிவுகளையும் விரல் வைத்துத் தேடினேன். நீ எதிலும் இல்லை.

உன் கடிதத்தை வார்டு முழுக்கக் கேட்கும்படி வாசித்திருந்தேன். கைதட்டினார்கள்.

நோயாளிக்கு மருந்து ஊற்றுவதுபோல் எனக்குப் பொய்யை ஊற்றினாயா? உண்மையை எழுது.

தோர்கிரிம்


ஹௌக்லி
16 பிப்ரவரி 1953

அண்ணா,

நீ விழுந்த நாளுக்குப் பிறகு நான் மேடை ஏறவே இல்லை. நீ கேட்டதால் எழுதினேன். எழுதும்போது மட்டும் நிஜமாகவே தாவியதுபோல் இருந்தது.

நீ விழுந்த அன்று காலை, தாவுகிறவர்கள் வந்து இறங்கும் சரிவின் பனியை மிதித்து இறுக்குவது என் வேலை. மேலேயிருந்து நீ கத்தினாய்: "எய்லிஃப், கீழ வரைக்கும் மிதிச்சாச்சா?"

"மிதிச்சாச்சுண்ணா, வா!"

கடைசி இருபது அடி மிதிக்கவில்லை. விரல் விறைத்திருந்தது. அவ்வளவு தூரம் யார் தாவி வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். நீ வந்தாய். உன் வாழ்நாளிலேயே நீளமான தாவல் அதுதான். உன் கட்டைகள் பனிக்குள் புதைந்ததைப் பார்த்தேன். எல்லாரும் காற்றுதான் காரணம் என்றார்கள். நானும் காற்று என்றேன்.

அம்மாவுக்குத் தெரியாது.

எய்லிஃப்


ஆஸ்லோ
26 ஏப்ரல் 1953

எய்லிஃப்,

பத்து வாரமாகப் பதில் எழுதவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். ஒன்றில் வசை இருந்தது, மற்றதில் "பரவாயில்லை" என்று இருந்தது. இரண்டுமே உண்மையில்லை.

டாக்டர் சொல்லிவிட்டார். கால் இனி வராது. நர்ஸ், "அழுதுடுங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்" என்றாள். அழுதேன்.

உன் வயதில் நானும் சரிவைப் பாதிதான் மிதித்திருக்கிறேன், பல தடவை. அன்றெல்லாம் யாரும் அவ்வளவு தூரம் வந்து இறங்கவில்லை, அவ்வளவுதான். இது தெரிந்தும் என் கோபம் போகவில்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் வருவது உன் குரல்தான், "மிதிச்சாச்சுண்ணா" என்று.

அம்மாவிடம் நீயே சொல். அவள் வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது. பிறகு மே மாதம் ரயிலேறி வா. முகம் கொடுத்துப் பேசுவேன் என்று சொல்ல முடியாது. வந்து பக்கத்தில் உட்கார். நீயும் வராவிட்டால் நான் யாரிடம்தான் கோபித்துக்கொள்வது?

உன் அண்ணன்